விளையாட்டுக்கு முந்தின கதை

யுத்தம் முடிந்த மறுவருடம். ஒரு வாகன அகலமே உள்ள கல்லடிப் பாலத்தில் ஏற முறைக்காக பஸ் காத்து நின்றது. முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தவன் மடியில் தடித்த ஆங்கில நாவல்.

"அந்த கம்ப்யூட்டர் கேமில தம்பிக்காரன் தொடக்கத்திலயே செத்திருவானே, மச்சான்?" என்றான் மற்றவன்.

"ஓம். இந்த நாவல் அதுக்கு முந்தின கதை. இதில அவன் தமையனோட சண்டை பிடிச்சித் திரியிறான்."

"முடிச்சிட்டியா?"

"கடைசி அத்தியாயம் வாசிக்கல்ல. அதிலதான் கேம் தொடங்கிற இடம் வருது. வாசிச்சா செத்திருவான்."

"அப்ப, சுனாமில காணாமப்போன உன்ட தம்பிட படத்துக்கு மாலை போட விடுறாவில்லயெண்டு அம்மாவ ஏன்டா ஏசினாய்?"

பஸ் பாலத்தைக் கடந்தது. ஜன்னலோரத்தவன் எழுந்தான்.

"பூக்கடையில மாலைக்குச் சொல்லி வச்சிட்டன். வேணாமெண்டு சொல்லிட்டு வாறன்."