மில்பியா முளைக்கும் சரிவு

மே மாதத்தில் எங்கள் மலையில் யாருக்கும் ஓரிடத்தில் உட்கார மனம் வராது. மழை வரப்போவதுபோல மேகம் திரளும், வராமல் கலைந்துவிடும். நாய்கூடப் படுத்த இடத்தில் படுக்காமல் சுற்றிச் சுற்றி வரும். நானும் அப்படித்தான் இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கோபம் என்று எழுத வேண்டாம். கோபம் இல்லை.

என் பெயர் நாசாரியோ. நான் காவல் காப்பது காட்டு மக்காச்சோளத்தை. நாங்கள் மில்பியா என்போம், குட்டிச் சோளக்கொல்லை என்று அர்த்தம். கீழே வெப்பப் பள்ளத்தாக்குகளில், சாலையோரத்திலும் வேலியோரத்திலும் இதன் பங்காளிகள் நிறைய முளைக்கின்றன. அவை ஒரு மழைக்கு வந்து, விதை உதிர்த்து, செத்துப்போகிற சாதி. எங்களுடையது அப்படியில்லை. தட்டை காய்ந்தாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பைன் காட்டுக்கு நடுவே, மேகம் தரையிறங்கும் உயரத்தில், வெட்டவெளிச் சரிவுகளில் மட்டும் நிற்கும். மெக்சிகோவில் இந்த மலைத்தொடரை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று படித்தவர்கள் வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னையே காவலுக்கும் போட்டார்கள்.

அது மிக அடர்த்தியாக நின்றது என் அக்கா ரெமெதியோஸும் அவள் புருஷன் தோரிபியோவும் குடியிருந்த சரிவில். கோடை முழுக்க அவர்களுடைய மாடுகள் அதைத்தான் மேய்ந்தன. நான் போய்ச் சொல்வேன்.

"மச்சான், மாட்டைக் கீழ ஓட்டிட்டுப் போயிருங்க. ஊருக்குள்ள இடம் தர்றோம்னு அதிகாரிங்க சொல்றாங்கல்ல."

"வந்துட்டாருப்பா புல்லுக்குக் காவல்காரரு," என்பார் அவர். "ஏன் மாப்ளே, அது எந்திரிச்சு ஓடிருமா? ரெமெதியோஸ், ஒரு கயித்த எடுத்துக் குடு. கட்டிப்போட்டுட்டு நிம்மதியாப் போகட்டும்."

அக்கா சிரித்துக்கொண்டே எனக்குச் சோள ரொட்டி சுட்டுப் போடுவாள். நானும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவேன். திரும்பி வரும்போது மாடு கடித்துவிட்ட தட்டைகளைத் தடவிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் கால் தரையில் நிற்காது. மறுபடி ஏறிப்போய், எட்ட நின்று பார்த்துவிட்டு இறங்குவேன்.

அந்த மே மாதம் மாடு உதைத்து மச்சானுக்குக் கால் முறிந்தது. அதனால் சான் இசித்ரோ திருவிழாவுக்கு அக்கா மட்டும் கீழே போனாள். நான் முற்பகலில் போய் அவருக்குக் காபி வைத்துக் கொடுத்தேன்.

"நீயாவது வந்தியே மாப்ளே," என்றார். "அந்தச் செவலை இருக்கே, உன்னைவிடப் பிடிவாதம். ஆனா நீ இன்னும் என்னை உதைக்கல."

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கண்ணயர்ந்தார்.

முதலில் மாடுகளை அவிழ்த்து ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டினேன். வாயில்லாத ஜீவன்கள், அவற்றுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. காட்டோரமாகச் சருகையெல்லாம் வெட்டி ஒதுக்கி, மண்ணைக் கொத்தித் தீ தாண்டாதபடி இடைவெளி விட்டேன். பைன் மரங்களுக்குச் சேதம் வரக்கூடாது. உச்சிவேளைக்குப் பிறகு எங்கள் மலையில் காற்று மேல்நோக்கி ஏறும். சரிவின் அடியில் தீ வைத்தேன். மில்பியாவை அது ஒன்றும் செய்யாது ஐயா, வேர் மண்ணுக்குள் இருக்கிறது. வீடு சரிவின் உச்சியில் இருந்தது. புல் வேய்ந்த வீடு.

"மாப்ளே," என்று கூப்பிட்டார். "தீ வருது மாப்ளே. இங்கதான இருக்கே? சீக்கிரம் வாடா."

நான் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். மாடுகள் மிரண்டுபோயிருந்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவிக் கொடுத்தேன்.

கோடையில் காடு பற்றிக்கொள்வது சகஜம், யாரும் எதையும் கேட்கவில்லை. அக்கா கீழே ஊரில் குடியேறினாள். மழை விழுந்ததும் சரிவு முழுக்கப் பச்சை. பார்க்க வந்த அதிகாரிகள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் வேலி போட்டேன். மாடு நுழையவில்லை, அரிவாள் படவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் முட்புதர் ஏறியது. பைன் கன்றுகள் எழும்பின. நிழல் விழுந்த இடத்திலெல்லாம் மில்பியா வெளுத்து, மெலிந்து, மடிந்தது. வெட்டவெளி தானாக வெட்டவெளியாக இருப்பதில்லை போலிருக்கிறது. யாராவது வெட்டிக்கொண்டும் மேய்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மச்சானின் மாடுகளையே திரும்பக் கொண்டுவந்து விட்டேன். பைன் கன்றுகளை வெட்டினேன். அருகிலேயே ஆள் இருந்தால்தான் முடியும் என்பதால் பழைய இடத்திலேயே ஒரு வீடும் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் கொஞ்சம் சோளமும் விதைத்திருக்கிறேன்.

போன வாரம் அக்கா ஏறி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள்.

"நீ கேட்டுக் கேட்டு அப்பா உனக்குத் தராம எனக்குத் தந்த நெலம். கடைசியில நீயே குடிவந்துட்டியேடா," என்றாள்.

அது பழைய கதை ஐயா. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாம் செடிக்காகத்தான். அவளிடமும் அப்படியே சொன்னேன். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உள்ளே மூலையில் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் முறிந்தபின் தோரிபியோ தன் கையாலேயே செதுக்கிக்கொண்ட ஊன்றுகோல்.

"இது இல்லாம அவரால வாசப்படி தாண்ட முடியாதே," என்றாள். "வீடே சாம்பலாச்சு. இது எப்படிடா எரியல?"

அவளிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அவர் தூங்கியதும் கட்டிலருகிலிருந்து நான்தான் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல ஓக் மரம். கைப்பிடி அவ்வளவு வழவழப்பு. அதைத் தீயில் விட எனக்கு மனம் வரவில்லை.