நாற்காலி அக்காவும் மூன்றாவது கிளையின் விசில் சத்தமும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்தவர், எங்கள் பேக்கரி அண்ணன் அவர்களே, மேடையில் இருக்கும் கிளைப் பொறுப்பாளர்களே, கடைகளை அடைத்துவிட்டு வந்து உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் சக பங்குதாரர்களே, அக்காவின் மகளே, மருமகனே, பையும் கையுமாக வந்திருக்கும் வாடிக்கையாளர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பேசச் சொல்லிவிட்டார்கள். நான் வண்டி ஓட்டியவன். துணைத் தலைவர் என்று என்னை ஆக்கியது அக்கா. மேடை ஏறிப் பேசுகிற வேலையை அவரே பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் அன்று ஒப்புக்கொண்டேன். இப்போது அவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறேன். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைவர், நம் முதல் தலைவர், நாற்காலி அக்கா போய்விட்டார்.

அந்தப் பெயரைக் கேட்ட வெளியாட்கள், பதவி நாற்காலிக்கு ஆசைப்பட்டவர் போலிருக்கிறது என்று நினைத்ததுண்டு. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். பழைய முதலாளி காலத்தில் நம் மளிகைக் கடையில் பில் போடும் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தார்கள். உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லையாம். சாயங்காலம் கால் வீங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒருநாள் காலை வேலைக்கு வந்தால் கடை பூட்டிக் கிடக்கிறது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்டார். விஷயம் தெரியாமல் நான் பால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். எல்லோரும் நடைபாதையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

"பாலை இறக்குங்க. திருப்பிக் கொண்டு போனா கெட்டுப்போகும். இங்கயே வித்துடலாம்."

பூட்டிய கதவுக்கு முன்னால், நடைபாதையில், நம் அங்காடியின் முதல் வியாபாரம் நடந்தது. அந்த வாரமே கட்டடச் சொந்தக்காரரிடம் எல்லோரும் சேர்ந்து போனோம். கடையை எடுத்தோம். வேலை செய்கிற ஒவ்வொருவரும் பங்குதாரர், ஒவ்வொருவருக்கும் ஒரே ஓட்டு. புது முதலாளிகள் கூடி எடுத்த முதல் முடிவு என்ன? பெயர்ப் பலகையா? புது வர்ணமா? பில் போடும் இடத்துக்கு நாற்காலி வாங்குவது. அதை முன்மொழிந்தவர் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு வளர்ந்தோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது கிளை. படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீடு தேடிச் சாமான் கொடுத்தோம். மாடியில் நம் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைத்தோம். அதில் தூங்கி எழுந்த பெண் இன்று ஆறாவது கிளையின் பொறுப்பாளர். வெள்ளம் வந்து ஊரே அடைந்து கிடந்தபோது நம் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது. இதையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்னைப் பத்திப் பேசுவீங்க. நல்லது சொல்ல ஆள் இருக்கு. நீங்க விசிலைப் பத்திச் சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க."

நான் மறுத்தேன். சாகக் கிடக்கிறவரிடம் வாக்குவாதம் செய்ய முடியுமா? வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றுகிறேன்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். விசில் என்பது ஓர் ஆள். கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர். வாயில் எந்நேரமும் ஒரு மெட்டு இருக்கும். விசிலை வைத்தே அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். மூன்றாவது கிளைக்கு நாம் எடுத்தது ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு. மூன்று மாடி, பின்பக்கம் ஒரு சரக்கு லிஃப்ட். திறப்பு விழாத் தேதியை அறிவித்து, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் விசில் எழுந்தார். லிஃப்ட் மேலே போகும்போது உதறுகிறது, சத்தம் சரியில்லை, ஆள் வந்து பார்க்கும்வரை திறப்பைத் தள்ளி வைக்கலாமே என்றார்.

தலைமை இருக்கையில் அக்கா. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"முதலாளி ஆனப்புறமும் லிஃப்டுக்குப் பயப்படுறியா?"

கூட்டமே சிரித்தது. விசிலும் சிரித்தார். குறித்த தேதியிலேயே திறப்பதா என்று ஓட்டுக்கு விட்டார்கள். எல்லோரும் கை தூக்கினோம். விசிலும் தூக்கினார்.

திறப்பு விழா அன்று காலை வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. தெருவரைக்கும் கூட்டம். சர்க்கரை மூட்டைகளோடு விசில் லிஃப்டில் ஏறினார். மேல் மாடியை எட்டும்போது கம்பி அறுந்தது. வாசலில் நின்றவர்கள் கட்டடம் இடிகிறது என்று நினைத்து ஓடினார்கள். நாங்கள் கதவை உடைத்துத் திறந்தபோது உள்ளே எல்லாம் சர்க்கரை. வெள்ளையாக அவர் முகத்தின்மேலும் இருந்தது. அக்கா தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போதும் அக்கா என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் விழவில்லை.

விசிலின் மனைவி தையல்காரர். பிணவறை வாசலில், இஞ்ச் டேப் கழுத்தில் கிடக்க, அப்படியே ஓடி வந்திருந்தார். அழவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எல்லாரும் முதலாளிங்கறீங்களே. அப்போ என் வீட்டுக்காரரைக் கொன்னது யாரு?"

அன்பர்களே, ஒரே முதலாளி இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். நாங்கள் எங்கே போய் நிற்பது?

விசாரணை வந்தது. எதிர்பாராத விபத்து என்று மட்டும் சொன்னால் போதும், கூட்டத்தில் பேசியதை யாரும் கேட்கப் போவதில்லை என்றார் வக்கீல். நல்ல மனிதர், அங்காடியைக் காப்பாற்றத்தான் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். விசாரணை அதிகாரி முன்னால் உட்கார்ந்து, விசில் எச்சரித்ததையும், தான் கேலி செய்ததையும், அந்தச் சிரிப்பையும், கைகள் உயர்ந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். விசிலின் மனைவி பின்வரிசையில் இருந்தார். தன் கணவர் பயந்ததும், அதைச் சொன்னதும் அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

மூன்றாவது கிளையை மூடி முத்திரை வைத்தார்கள். சரக்கு கொடுப்பவர்கள் பின்வாங்கினார்கள். நம் ஆட்களே கொதித்தார்கள். இவர் தன் மனச்சாட்சியைக் கழுவ நம் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். பொதுக்குழு கூடி அக்காவைத் தலைமையிலிருந்து இறக்கியது. மறுநாள் காலை அவர் முதல் கிளைக்கு வந்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், பில் போட உட்கார்ந்தார். அவரை இறக்கிய கைகள் அவரிடமே சோப்பும் மாவும் நீட்டின. அவர் எல்லோரிடமும் வழக்கம்போலச் சௌக்கியம் விசாரித்தார்.

ஒவ்வொரு பொதுக்குழுவிலும், பில் போடுகிறவராக எழுந்து ஒரே தீர்மானத்தை முன்வைத்தார்: ஒரு கிளையைத் திறக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும், ஆபத்து என்று சொல்லி நிறுத்த ஒரே ஒருவர் போதும். அவரைக் கேலி செய்யக் கூடாது, காரணத்தைச் சரிபார்க்க வேண்டும். முதலில் தோற்கடித்தோம். மறுபடி கொண்டு வந்தார். மறுபடி தோற்கடித்தோம். கடைசியில் நிறைவேறியது. அவரை மறுபடி தலைவர் ஆக்கியது அதற்கு அடுத்த வருஷம்.

மூன்றாவது கிளையும் மறுபடி திறந்தது. லிஃப்டைக் கழற்றி எடுத்து, அது ஓடிய குழியைத் தளத்துக்குத் தளம் மூடினார்கள். அதன் பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. கிடங்கில் விசில் சத்தம் கேட்கிறது என்றார்கள். பட்டப்பகலில், எல்லா விளக்கும் எரியும்போதே. தனியாக மேல் மாடிக்குப் போக ஆள் கிடையாது. இரண்டு பேர் வேலையை விட்டே போனார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, நானே ஒருநாள் மாவு மூட்டை இறக்கப் போகும்வரை. தெளிவாக இருந்தது. ஒரு மெட்டின் தொடக்கம், பிறகு நின்றுவிடும், பிறகு மறுபடி தொடக்கம். மூட்டையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னோம். அவர் பிரமை என்று சொல்லவில்லை, பூசி மெழுகவில்லை. மேல் மாடிக்குப் போய், சாமான் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வந்தும் இறங்கவில்லை. நான் படியேறிப் போய், கேட்டதா என்று கேட்டேன். கேட்டது என்றார். மூடிய குழியின் உச்சியில் ஒரு விரிசல் இருக்கிறது, அதில் காற்று நுழைகிறது என்று எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்தார். சிமெண்ட் பூசினால் நின்றுவிடும் என்றார். அக்கா விடவில்லை.

"அடைக்காதீங்க. கேக்கட்டும். வேலைக்குச் சேர்றவங்க இது என்ன சத்தம்னு கேப்பாங்க. நாம பதில் சொல்லணும்."

அந்த விரிசல் இன்றும் அப்படியே இருக்கிறது. காற்றே அசையாத நாளிலும் கேட்கிறது என்று மூன்றாவது கிளைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் அதற்குள் போக விரும்பவில்லை. அக்கா இறந்த அன்று அங்கே என்ன கேட்டது என்று ஒருவர் சொல்ல வந்தார். அவரையும் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. வார விடுமுறையில் அக்கா எங்கே போகிறார் என்று அவர் மகளுக்கே வெகுகாலம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விசிலின் மனைவியான அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போனார். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். முதல் தடவை ஒரு பை நிறையச் சாமான் கொண்டு போனார். பை மாடிப்படியில் உருண்டு கீழே வந்தது. அடுத்த வாரத்திலிருந்து வெறுங்கையோடு போனார். கதவு திறக்காது. படியில் உட்கார்ந்திருப்பார். மேலேயும் கீழேயும் போகிற குடித்தனக்காரர்கள் ஒதுங்கி நடப்பார்கள். பிறகு எழுந்து வந்துவிடுவார். மழை, வெயில், காய்ச்சல், எதற்கும் நின்றதில்லை. வருஷங்கள் போயின. ஒருநாள் கதவு திறந்து, ஒரு கூடை ஜாக்கெட் வெளியே வந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதில் கொக்கி தைத்துக் கொடுங்கள் என்றாராம். அன்றிலிருந்து அக்கா கொக்கி தைத்தார். மன்னித்துவிட்டாரா என்று வண்டியில் வரும்போது கேட்டேன். அதைக் கேட்க நான் போகவில்லையே என்றார்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் நான் அந்தப் படியேறினேன். தகவல் சொல்வது என் கடமை. தையல்காரர் மிஷினை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வருவீர்களா என்றேன். வர மாட்டேன் என்றார். திரும்பினேன். அப்போது மிஷின் நின்றது.

"ஞாயித்துக்கிழமை யார் வருவீங்க?"

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

உறவுகளே, ஒன்பதாவது கிளை அடுத்த மாதம் திறப்பதாக இருந்தது. அக்காவின் பெயரில் குறித்த நாளில் திறப்பதுதான் அஞ்சலி என்று பலர் சொன்னீர்கள். நேற்று, அந்தக் கிளையின் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பின்படிக்கட்டின் கைப்பிடி ஆடுகிறது என்று சொன்னார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. திறப்பு தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கைப்பிடி உறுதியாகும்வரை தேதி கிடையாது. அக்காவின் படத்துக்கு முன்னால், துணைத் தலைவராக, இதை உறுதியாகச் சொல்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது, கண்ணும் மங்கல். படியில் உட்காரத் தெரியும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வர வேண்டும். அதற்கும் அடுத்ததற்கு இன்னொருவர். யாரையும் பெயர் சொல்லி அழைக்கப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் முதலாளிகள். கூட்டம் முடிந்து நீங்கள் வெளியே போகும்போது வாசலில் நிற்பேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.