சங்குமடுப் பலகை

சங்குமடுவுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, செருப்பை எங்கே விடுவது என்றுதான். புங்கமரத்தடியைக் காட்டுவேன். அடுத்து ஆழம் எவ்வளவு என்பார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் மூன்று ஆள் என்பேன். பத்து வருடமாக இதையே சொல்கிறேன். ஒருவருக்கும் மாற்றிச் சொன்னதில்லை.

ஐயா, நீங்கள் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நானே எழுதித் தருகிறேன். நாற்பது தாண்டிக் கற்ற எழுத்து, மெதுவாகத்தான் வரும். என் பேர் தம்பிதுரை. தோப்புகளில் தேங்காய் உரித்து இடுப்பு விட்டுப்போன பிறகு, ஆனைமலைக்குத் தெற்கே அருவி விழுந்து தேங்குகிற அந்த மடுவில் கயிறு கட்டும் வேலை கிடைத்தது. காலையில் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பேன். கலங்கி வந்தால் மேலே மழை என்று அர்த்தம், கயிற்றைக் கரையோரமாக இழுத்துக் கட்டுவேன். தெளிந்திருந்தால் சற்று உள்ளே தள்ளிக் கட்டுவேன். பலகைக்குப் பெயிண்ட் அடிப்பதும் என் வேலைதான்.

நான் சேர்ந்தபோது பலகையில், ‘இங்கே இதுவரை 3 பேர் மூழ்கி இறந்துள்ளனர்’ என்று இருந்தது. எழுத்து வெளுத்துப் போயிருந்தது. காலேஜ் பையன்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

“மூணு பேருங்களா? எப்பங்ண்ணா, வெள்ளக்காரன் காலத்துலயா?” என்றான் ஒருவன்.

“நாலாவதா உன்ற பேரைப் போடச் சொல்லட்டா?” என்றான் கூட வந்தவன். சிரித்துக்கொண்டே இருவரும் கயிற்றைத் தாண்டினார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் போத்தனூரிலிருந்து ஷேக் பரீத் என்பவர் குடும்பத்தோடு வந்தார். அவர் மகள் யாஸ்மினுக்கு ஏழு வயது. பாறையில் வழுக்கி, கயிற்றுக்கு அடியில் போய்விட்டது. நான் குதித்து எடுத்தேன். கரையில் கிடத்தியபோது மூடிய கைக்குள் பிஸ்கட் ஊறிக் கூழாகியிருந்தது. அது தானாக நடந்தது. அதில் என் கை இல்லை.

மறுநாள் 3-ஐ அழித்துச் சிவப்புப் பெயிண்டில் 4 என்று எழுதினேன். அன்று முதல் சனம் பலகை முன்னால் நின்றது. ஈரப் பெயிண்டைப் பார்த்ததும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாலைந்து மாதம் ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை. பிறகு பெயிண்ட் மங்கியது. மறுபடியும் போட்டோ, மறுபடியும் சிரிப்பு.

எழுத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, புதுசுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று அப்போது விளங்கியது. பழைய நாலையே பளபளவென்று பூசிப் பார்த்தேன். மாங்காய் விற்கிற ராசாத்தாளிடம் விசாரிப்பார்கள். “அது பழசுங்க, ரெண்டு வருசம் ஆச்சு. தைரியமா எறங்குங்க” என்று சொல்லிவிடுவாள். அப்புறம் 5 என்று எழுதினேன். மேற்பார்வைக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பிதுரை, அஞ்சாவது பொணம் எங்கீங்க? செத்தவனைக் காட்டிப்போட்டு எழுதுங்க. பொய் எழுதாதீங்க.”

அவர் சொன்னது நியாயம். பொய் எழுதுவதில் எனக்கும் விருப்பமில்லை. அழித்தேன். ஆனால் யாஸ்மின் வயதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால், எழுதுகிறதை மெய்யாக்கித்தான் ஆகவேண்டும்.

அந்த வைகாசியில் ஒருவன் வந்தான். பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற பாறையில் பீர் பாட்டிலை உடைத்தான். கயிற்றைத் தாண்டி நீந்தினான். நான் அருவிக்குப் பின்னால் இறங்கி, அடியில் போய் அவன் கணுக்காலைப் பிடித்தேன். மறு காலால் என் வாயில் உதைத்தான், இரண்டு பல் போயின. மடுவின் அடியில் பாறை குடைந்து பொந்து மாதிரி இருக்கும். அங்கே இழுத்துப்போய், முடியைப் பிடித்து முகத்தைப் பாறையில் மோதினேன். தண்ணீருக்குள் கை வேகமாகப் போகாது, அதனால் மூன்று தடவை மோதவேண்டி வந்தது. குமிழி நிற்கும்வரை அவன் மார்பின் மேல் முழங்காலை வைத்திருந்தேன். மேலே அவன் கூட்டாளிகள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் தேட ஆரம்பித்தபோது நானே குதித்து அவனைத் தூக்கிவந்தேன். நெற்றிக் காயம் பாறையில் அடிபட்டது என்று எழுதினார்கள். அது சரிதான்.

5 என்று எழுதினேன். அந்த வருடத்தில் அதற்குப் பிறகு ஒரு சாவுகூட இல்லை. அப்புறம் வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன், சீசன் தொடங்கும் முன்பாக. கயிற்றைத் தாண்டியவர்களை மட்டும்தான். ஒருவன் என் காதைக் கடித்துக் கிழித்தான், தழும்பைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் விரல்களைப் பாறை விளிம்பிலிருந்து எடுக்கமாட்டேன் என்றான், ஒவ்வொன்றாக ஒடிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நானே தூக்கிவந்தேன். அப்போது கரையில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். விசாரிக்க வந்த நீங்களே ஒரு தடவை உங்கள் துண்டை எடுத்து என் தோளில் போட்டீர்கள். “அண்ணன் எறங்குனாத்தானுங்க பொணம் மேல வருது” என்று ராசாத்தாள் எல்லோரிடமும் சொல்லுவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

8 வரை வந்தது. போன வருடம் ஆள் அமையவில்லை. இந்த வருடம் பெயிண்ட் ரொம்பவும் மங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து காத்திருந்தேன். நல்ல கூட்டம். ஆனால் ஒருவர்கூடக் கயிற்றைத் தாண்டவில்லை. மத்தியானத்துக்கு மேல் துடியலூரிலிருந்து மனோஜ்குமார் வந்தார். லேத் பட்டறை வைத்திருக்கிறாராம். அவர் மனைவியும், ஐந்து வயது நந்திதாவும் கூட வந்திருந்தார்கள். பலகையை அவர் விரல் வைத்து மகளுக்குப் படித்துக் காட்டினார்.

“எட்டுப் பேருன்னா நெறையாப்பா?”

“ஆமா கண்ணு. சொன்ன பேச்சுக் கேக்காம போனவங்க. நாம கேட்டுக்குவோம்.” பிறகு என்னிடம் வந்தார். “ஏனுங்ண்ணா, பாப்பா காலை நனைச்சுக்கலாமுங்களா?”

“ஓரத்துல உக்காந்து நனைச்சுக்கட்டுமுங்க” என்றேன்.

மகளைப் பின்னால் மணலில் உட்கார வைத்து, குவளையில் தண்ணீர் மொண்டு அதன் காலில் ஊற்றினார். அவர் மட்டும் பாறை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருந்தார். மனைவி மாங்காய் வாங்கப் போனார். மற்றவர்கள் அருவிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், அடுத்த வாரம் பள்ளிக்கூட லீவு ஆரம்பம், நூறு பிள்ளைகள் வரும். நான் அதைத்தான் நினைத்தேன்.

அருவிக்குப் பின்னால் இறங்கி, அடியிலேயே வந்து அவருடைய இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். பின்மண்டை பாறையில் பட்டுப் பிளந்தது. அவர் அதிகம் உதைக்கவில்லை. கையை மட்டும் மேலே நீட்டி, மகள் இருந்த பக்கம் ‘தள்ளிப் போ’ என்று அசைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையை முறுக்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனேன். தண்ணீர் சிவந்து, அப்புறம் தெளிந்தது. பொந்தில் அவரைச் செருகிவிட்டு மேலே வந்தேன். அவர் உட்கார்ந்த இடம் கயிற்றுக்கு இந்தப் பக்கம். கயிற்றை அவிழ்த்து, அந்த இடம் அதற்கு வெளியே போகும்படி கட்டினேன். அதன் பிறகுதான் அவர் மனைவியின் சத்தம் கேட்டது. வழக்கம்போல நானே குதித்து அவரைத் தூக்கிவந்தேன்.

நந்திதா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. “அந்தத் தாத்தா அப்பா காலைப் புடிச்சு இழுத்தாரு” என்றது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவைத் தூக்கிவந்த ஆளைப் பார்த்து இப்படிச் சொல்கிறதே என்று அதன் அம்மா எல்லோருக்கும் முன்னால் கன்னத்தில் அறைந்தார். பயத்தில் உளறுகிறது என்று நீங்களும் சொன்னீர்கள். அது திரும்பத் திரும்பச் சொன்னது, திரும்பத் திரும்ப அடி வாங்கியது. மெய் சொல்கிற பிள்ளை அடி வாங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். பாப்பா சொன்னது நிஜம். மனோஜ்குமாரையும், அவருக்கு முன்னால் நாலு பேரையும் கொன்றது நான்தான்.

இப்போது பாப்பா குடத்துத் தண்ணீரைக் கண்டாலே அலறுகிறது, குளிக்க வைக்கக்கூட முடியவில்லை என்று, இங்கே என்னைப் பார்க்க வந்த ராசாத்தாள் சொன்னாள். கேட்டதும் எனக்கு மனசு லேசானது. இனி அந்தப் பிள்ளை எந்த மடுவிலும் மூழ்காது.