மலை ஊடு

"ஹலோ... ஹலோ... ஆரு?"

றமீலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அடித்தது அவளுடைய போன் அல்ல. இரண்டு மாதத்துக்கு முன் மவுத்தாகி அடக்கமான அவளுடைய கணவர் பௌஸியின் போன். அதை அணைத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. சார்ஜ் ஏற்றித் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். பழைய வாடிக்கைக்காரர்கள், சிநேகிதர்கள் என்று யாராவது கோல் எடுப்பார்கள். மகள் சஹ்லா வாங்கிப் பதில் சொல்லுவாள். இன்றைக்கு மட்டும் றமீலா தானே எட்டி எடுத்தாள். திரையில் விழுந்த பெயர் அப்படி. அவர் தன் விரலால் பதிந்து வைத்திருந்த பெயர்: மலை ஊடு.

ஊடென்றால் வீடுதான். வெள்ளவத்தையில் கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவே, மூன்றாம் மாடியில் இருக்கிற இந்த வீட்டைத் தவிர அவருக்கு இன்னொரு வீடு இருந்ததாக அவளுக்குத் தெரியாது.

"பொம்புளக் குரலா ஈக்கே... ஆரு பேசுற?... மஸாஹிராவா?... எந்த மஸாஹிரா?... எங்க ஈந்து?"

சஹ்லா அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடி வந்து போனுக்குக் கை நீட்டினாள். றமீலா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"நெல்லிக்கந்தயா?... பதுளைப் பக்கமா... ஓ... ஓ... அல்லாஹ்ட நாட்டம், நாங்க எனத்த செய்ற... ஓ... அவர அங்க எல்லாருக்கும் தெரீமா. நல்லாவே தெரீமா. ம்."

அந்த "ம்"முக்குள் மூன்று வருடம் இருந்தது.

பௌஸியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். பிள்ளைகள் சாப்பிட்டு எழும்பும்வரை தன் பீங்கானில் கை வைக்காத மனுசன். சஹ்லாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தலை பின்னி விட்டதுகூட அவர்தான். றமீலா பின்னினால் வலிக்கிறதென்று பிள்ளை அழும். ஐந்து வேளைத் தொழுகை தவறாது. தொழுகைக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்தது மலையின் மேல். பதுளை ரயிலில் ஏறினால் கதவடியை விட்டு நகரமாட்டார். மலைத் தரையில் நெற்றி வைத்துத் தொழுதால் குளிர் உள்ளே இறங்கிவிடும், அன்றைக்கு முழுக்க யார் மேலும் கோபம் வராது என்பார்.

மருதானைக் கடையை மகன் முர்ஷிதிடம் ஒப்படைத்த வருடத்திலிருந்து ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டார். வியாழன் பின்னேரம் பதுளை பஸ். சனி காலையில்தான் திரும்பி வருவார். எங்கே என்றால் காற்று வாங்க என்பார். ஜும்ஆ தொழுதுவிட்டுக் குடும்பமாக இருந்து சாப்பிடுகிற வெள்ளிக்கிழமைச் சாப்பாடு அந்த வீட்டில் சனிக்கிழமைக்கு மாறிப்போனது. சேர்ட்டில் விறகுப் புகை மணக்கும். பையில் லீக்ஸ், பேரிக்காய். சில தடவை ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய், மூடியின் மேல் துணி கட்டியபடி. கடையில் வாங்கின போத்தலுக்கு யார் துணி கட்டிக் கொடுப்பார்கள்? றமீலா அதைச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஒரு நாளும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

"கொஞ்சம் நில்லுங்க. அவர அவ்வளவு தெரீமெண்டா செல்லுங்க பாப்பம், அவரு தேத்தண்ணி எப்பிடிக் குடிக்கிற?... இஞ்சி தட்டி... கித்துள் கருப்பட்டிய ஓரத்துல கடிச்சிக்கிட்டு... ம். சரிதான்... அப்ப அந்த ஊறுகாயும் நீங்களா?... ஓ. நல்லா ஈந்திச்சி. உப்பு மட்டும் கூட."

சஹ்லா கண்ணாலேயே யாரென்று கேட்டாள். றமீலா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பேசாம இரு மகள்" என்றாள். முகம் அவள் உடுத்திருந்த சேலையைப் போலவே வெளுத்திருந்தது.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களோடு பேசாமல், வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்கிற காலம் அது. பஸ் ஏறிப் போய்ப் பார்க்க ஏலாது. நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் ஏலாது. சாத்திய ஜன்னலுக்குள் உடம்பு இருக்க, மனசு மட்டும் இரண்டு மாதமாக மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி, இப்ப எனத்துக்கு எடுத்த?... ஓ... பயப்பட வாணாம், கேளுங்க... எனத்த?... திருப்பிச் செல்லுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு எந்த ஊட்டத் தன்ட ஊடுண்டு நெனச்சீந்தாரு... அதயா கேக்குற? என்கிட்ட? அவர்ட பொஞ்சாதிக்கிட்ட?"

கீழே ரயில் ஒன்று கடற்கரையோடு போனது. அது போய் முடியும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"நான் ஒண்டு கேக்குறேன், மறைக்காம செல்லுங்க. நீங்களும் இத்தா இருக்கிறீங்களா?"

அதைவிடக் கூரான கேள்வி அவளிடம் இல்லை. இரண்டாம் நிகாஹ் செய்தவர் மவுத்தானால் இரண்டு பெண்களும்தான் இத்தா இருக்கவேண்டும். தன்னைப் போலவே வெள்ளையில் ஒருத்தி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மலையில் எங்கோ இருக்கிறாள். இரண்டு மாதமாக றமீலாவின் கண்ணுக்குள் நின்றது அந்த ஒருத்திதான்.

"ஏன் பேச்சக் காணம்?... ஹலோ?... ஆரு அது இருமுற?... ஆம்புளக் குரலு. ஆரு?... ஸாலிஹா? ஸாலிஹெண்டா ஆரு?... ஒங்கட மாப்புளயா... புருசனா... பக்கத்துலயே ஈக்காரா... உசிரோட. ஓ... ஓ... இல்ல, இல்ல, நல்லது. அல்லாஹ் நீண்ட ஆயுளக் குடுக்கட்டும்."

சஹ்லா அகப்பையால் வாயை மறைத்துக்கொண்டாள். ஆனால் றமீலாவின் சந்தேகம் அவ்வளவு லேசில் இறங்குகிற சந்தேகம் அல்ல. ஒரு கதவு மூடினால் அது அடுத்த கதவைத் தட்டும்.

"ஆமீன் செல்லுறதும் அவரா?... அவருக்கு எப்பிடி நான் பேசுற கேக்குது?... ஸ்பீக்கர்லயா போட்டீக்கிற?... இன்னும் ஆக்களும் ஈக்காங்களா? எத்தின பேரு?... பள்ளிவாசல் ஆக்களா. நல்ல கூத்து. இத்தால ஈக்கிறவக்கிட்ட ஆம்புள பேசப் படாதுண்டு தானே ஒங்கள பேச வெச்சீக்காங்க? பொறகு ஸ்பீக்கர் எனத்துக்கு?... மொதல்ல ஓஃப் பண்ணுங்க... பண்ணிட்டீங்களா?... காதுல வெச்சீக்கிறீங்களா?... சரி. இப்ப செல்லுங்க. அந்த மலை ஊட்டுல ஆரு ஈக்கிற?... ஒருத்தருமில்லயா?... பள்ளிக்குப் பின்னால, ஒரே ஒரு ரூமு... இந்தப் போனும் அவரு அங்க வெச்ச போனா... ஓ... எனத்துக்கு அவருக்கு அங்க ரூமு?"

இதற்கு வந்த பதில் நீளமாக இருந்தது. றமீலா "ஓ... ஓ..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் வெட்டுகிற மாதிரி வந்த "ஓ", போகப் போகத் தணிந்தது. மஸாஹிரா அழுகையும் மூச்சுமாகத் துண்டு துண்டாகச் சொன்னதை அவள் மனசுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாள்.

நெல்லிக்கந்தவில் ஒரு சின்னப் பள்ளிவாசல். நம்முடைய மத்ஹபின் சட்டப்படி வெள்ளிக்கிழமை ஜும்ஆ நடக்க நாற்பது ஆண்கள் வேண்டும். அதுவும் வழிப்போக்கர்கள் இல்லை, அந்த ஊரையே தங்கள் ஊராகக் கொண்டவர்கள். இளம் பொடியன்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போனபின் அங்கே மிஞ்சினது முப்பத்தொன்பது பேர். ஓர் ஆள் குறைந்தாலும் ஜும்ஆ இல்லை. வெள்ளிக்கிழமையும் மற்ற நாளைப் போல நண்பகல் லுஹரைத் தொழுதுவிட்டுக் கலைந்து போனார்கள். மலை பார்க்கப் போன பௌஸியின் காதில் இது விழுந்திருக்கிறது. நான் வாறேன் என்றிருக்கிறார். வந்து போகிறவர் கணக்கில் சேரமாட்டார் என்று அப்போதிருந்த மவுலவி சொல்லிவிட்டார். உடனே அந்த ரூமை எடுத்து, பாயை விரித்து, எல்லோர் முன்னாலும் எழும்பி நின்று சொன்னாராம்: இனி இதுதான் என் வீடு, என் மனைவியும் வருவாள், இங்கேதான் இருக்கப் போகிறோம். அந்த வெள்ளியிலிருந்து நெல்லிக்கந்தவில் ஜும்ஆ நடந்தது.

இப்போது புது மவுலவி வந்திருக்கிறார். ஒரு மனுசனுடைய வீடு, அவனுடைய மனைவி மக்கள் இருக்கிற இடம்தானே என்கிறார். குடும்பத்தோடு குடியேறுகிற நிய்யத், அந்த எண்ணம், பௌஸிக்கு உண்மையாகவே இருந்திருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டால் இத்தனை வருடத்து ஜும்ஆவும் ஜும்ஆ அல்ல. அத்தனை வெள்ளிக்கும் லுஹரைத் திருப்பித் தொழவேண்டும். அவர் மனசில் இருந்தது என்னவென்று அவருடைய மனைவியைத் தவிர யாருக்குத் தெரியும், போய்க் கேளுங்கள் என்றாராம்.

"அப்ப அந்தக் கெழவனுங்க... ஓ... சாப்பாடும் எறங்கல்லயா... ஓ, வெளங்குது. வெள்ளிக்கிழமையத் தவிர அவங்களுக்கு வேற எனத்த ஈக்கு..."

சொல்லிவிட்டு உடனே குரலை மாற்றினாள்.

"என்கிட்ட அவரு இத ஒரு சொல்லும் செல்லல்லயே. ஏன்?... செஞ்சதச் செல்லித் திரிஞ்சா அது பேருக்குச் செஞ்சதாப் போயிடுமெண்டு சென்னாரா. ம்... சரி, எல்லார் முன்னாலயும் எழும்பி நிண்டாரே, அப்ப 'பொஞ்சாதி'ண்டு மட்டும் சென்னாரா, பேரும் சென்னாரா?... நல்லா ஞாபகப்படுத்திப் பாத்துச் செல்லுங்க. ஒங்கட மாப்புளக்கிட்டக் கேளுங்க... ... றமீலாண்டு சென்னாரா."

சஹ்லா தாயின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். குசினியில் ஏதோ அடிப்பிடிக்கிற மணம் வந்தது. இருவரும் எழும்பவில்லை.

"அந்த ரூமுல எனத்தெல்லாம் ஈக்கு?... பாய்... கேத்தல்... தொழுற முஸல்லா... வாசல்ல ரெண்டு கதிரை."

றமீலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஒத்த மனுசனுக்கு ரெண்டு கதிரை எனத்துக்கு?... இல்ல, நீங்க செல்லுங்க, ஆரு வந்து இருக்கிற அதுல?... ஒருத்தரயும் இருக்க விடமாட்டாரா?... ஏனாம்?... எனத்த?... கடலா?... மலையில ஈந்தா?"

வெகு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வெள்ளன... விடியுற நேரம்... முகில் இல்லாத நாள்ல... தெக்குப் பக்கமா, ஒரு கோடு மாதிரி... ஓ... அதப் பாத்துத்தான் அந்த ரூமக் கேட்டு வாங்கினாரா... ஓ."

கடையைக் கொடுத்த வருடம், ஒரு பின்னேரம், பல்கனியில் நின்றபடி அவர் கேட்டார். மலையில் போய் இருப்போமா, றமீலா? அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், கடலைப் பார்க்காமல் தனக்குப் பொழுது விடியாது, வேண்டுமென்றால் நீங்கள் போங்கள் என்றாள். அவர் சிரித்தார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கடல் தெரிகிற மலை ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார் என்று யார் கண்டார்கள்?

"ஈக்கிறேன் ராத்தா. போன வைக்கல்ல. கொஞ்சம் நில்லுங்க."

முதல் தடவையாக, அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ராத்தா என்றாள்.

இப்போது அவள் ஒரு சாட்சி சொல்லவேண்டும். நானும் வருவதாகத்தான் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் மலையில் முப்பத்தொன்பது பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் அது பொய். வெள்ளை உடுத்திக்கொண்டு, அவருக்காகப் பிரார்த்திக்கிற வாயால் அவருடைய பேரில் பொய் சொல்ல அவளால் முடியாது. சொல்லுவதற்கு வேறொரு வார்த்தையும் அவளிடம் இருந்தது. அவர் எங்கள் வீட்டு மனுசன், அவருடைய வீடு இதுதான், வேறெங்கும் இல்லை. போனை எடுத்த நேரத்திலிருந்து அவளுடைய நெஞ்சு துடித்தது அதைச் சொல்லத்தான். அதைச் சொன்னால் அவர் முழுக்க இவளுக்கே. அந்த வெள்ளிக்கிழமைகள்தான் இடிந்து போகும்.

அவள் சஹ்லாவின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்குத் தகப்பனின் நெற்றி.

"ராத்தா, அழ வாணாம். கேளுங்க. அவரு என்கிட்டக் கேட்டாரு, மலைக்குப் போய் இருப்பமாண்டு. நான் ஏலாண்டு சென்ன. அது உண்ம. அத மவுலவிக்கிட்ட மறைக்க வாணாம்... ஓ... ஓ, தெரீம், நீங்க வேற பதில் எதிர்பாத்தீங்க. இன்னும் முடியல்ல, கேளுங்க. ஏலாண்டு சென்னது நான். அவரு இல்ல. நான் ஏலாண்டு சென்ன பொறகும் எனக்கு ஒரு கதிரையப் போட்டு வெச்சிட்டு, அதுல ஒருத்தரயும் இருக்க விடாம, அவரு பாத்துக்கிட்டு ஈந்தீக்காரு. வந்து போறதுக்கு எடுத்த ரூமுண்டா அப்பிடிச் செய்வாரா? கொழும்புல அவரு எங்களுக்காக ஈந்தாரு. நாங்க வாறதுக்காக அங்க ஊடெடுத்தாரு. அவர்ட நிய்யத்த அவரு மாத்தல்ல. இது என்ட சாட்சி. அல்லாஹ்வ முன்ன வெச்சிச் செல்லுறேன்."

மறுமுனையில் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். மழையா, ஆட்களா என்று தெரியவில்லை.

"நில்லுங்க, நில்லுங்க. ஓடிப் போய் அங்க ஒண்டுக்கு ரெண்டாச் செல்லிடாதீங்க. எனக்கு ஒங்கள இன்னும் முழுசா நம்ப ஏலா, கோவிச்சிக்காதீங்க ராத்தா. நான் செல்லுறத அப்பிடியே செல்லணும். கூட்டவும் வாணாம், கொறைக்கவும் வாணாம்... ஓ... 'பௌஸி ஹாஜியார்ட ஊடு நெல்லிக்கந்தயிலதான். இத அவர்ட பொஞ்சாதி றமீலா செல்லுறா.' அவ்வளவுதான்... எங்க, ஒருக்கா திருப்பிச் செல்லுங்க, நான் கேக்கணும்."

மலையிலிருந்து இன்னொரு பெண்ணின் குரல் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. யாரோ ஒருத்தி ஒரு நாள் இதைத்தான் தன் காதில் சொல்லப் போகிறாள் என்று றமீலா மூன்று வருடம் பயந்திருந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, சஹ்லாவின் கையைப் பிடித்தபடி, கடைசிச் சொல்வரை கேட்டாள்.

"ஓ... ஓ. அதுதான். ஒரு சொல்லும் மாறல்ல. இனிப் போய்... ஹலோ?... ஹலோ, ராத்தா?..."

போன் கட்டாகியிருந்தது.