இடப்பக்கம் பார்க்கும் மீன்

பித்தளையைத் தேய்க்கப் பழைய பனியனை விட நல்ல துணி கிடையாது. புதுத் துணி கீறும், துண்டு நூல் விடும். சங்க விசாரணையில் நீங்கள் மூன்று பேரும் முதலில் கேட்டதே "எதால தேய்ச்சீங்க?" என்பதுதான். பல் டாக்டரின் மானம் என் பதிலில்தான் தொங்குகிறது என்று சொல்லி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதிவிடுகிறேன். பனியன். என்னுடையதுதான், துவைத்தது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வாக்குமூலம் முறையாக இருக்கட்டும். பழைய தூண்டில் ரீல் சேகரிப்பவர்கள் என்னிடம் வருவார்கள். ரீலின் பக்கவாட்டில் அடித்திருக்கும் சின்னத் தகட்டை லென்ஸ் வைத்துப் பார்த்து, எந்தக் கம்பெனி, எந்தக் காலம், அசலா போலியா என்று சொல்வேன். "ரீல் பாக்குறேன்" என்று வெளியே யாரிடமாவது சொன்னால் போதும், "பாக்குறீங்களா, விடுறீங்களா?" என்பார்கள். இருபத்தாறு வருடமாக ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரி இதைச் சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறேன். என் பொறுமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது அப்பாவின் ஜவுளிக்கடையில். "இல்லை", "தெரியாது" என்ற இரண்டு சொற்களுக்கும் அங்கே இடமில்லை. கேட்ட நிறம் கடையில் இல்லாவிட்டால், "அது போன வருஷத்து மோஸ்தருங்க" என்பார் அப்பா. கேட்டவர் வெட்கப்பட்டு வேறு நிறத்தை எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பயிற்சியில்தான் ரீல் முத்திரைகளைப் பற்றி நான் புத்தகம் எழுதினேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வந்தது வினை. மீன் மார்க் ரீல். தகட்டில் எழுத்தே கிடையாது, பொறித்த மீன் ஒன்று மட்டும். "மீன் இடப்பக்கம் பார்த்தால் அசல், வலப்பக்கம் பார்த்தால் போலி" என்று எழுதினேன். யாருக்கும் புரிகிற வாக்கியம்.

அப்போது நம் சேகரிப்பாளர் சங்கத்தின் செயலாளராக இருந்த பல் டாக்டர், என் முப்பது வருட நண்பர், புத்தகம் வந்த வாரமே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யோவ், எங்கிட்ட இருக்கிற மீனெல்லாம் வலப்பக்கம் பாக்குதேய்யா."

"எத்தன இருக்கு?"

"பதினொண்ணு. ஒண்ணுகூட உன் பேச்சக் கேக்கல."

"அப்ப பதினொண்ணும் போலி, டாக்டரே."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதற்கு முன் அவர் நாலைந்து உறுப்பினர்களுக்குக் கொடுத்திருந்த மீன்களும் வலப்பக்கம்தான் பார்த்தன. தெரிந்தே போலிச் சரக்கைத் தள்ளினார் என்று சங்கம் அவரை நீக்கியது. தீர்ப்பு சொன்ன நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் ஊருக்குள் போனது. "டாக்டர், போன மாசம் கட்டுனது அசல் தங்கந்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் நோயாளிகள் வாயைத் திறந்தார்கள். ஒருவர் பல்லைக் கழற்றிக்கொண்டுபோய் நகைக்கடையில் உரசிப் பார்த்தாராம். அசல்தான். ஆனால் சந்தேகம் வந்த பிறகு அசலாக இருந்து என்ன பிரயோசனம்? ஆறு மாதத்தில் கிளினிக் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை வந்தது.

இடையில் ஒரு சின்ன விஷயம். தகட்டில் மை தடவி, அதன் மேல் காகிதத்தை அழுத்தி எடுப்பதுதான் நான் முத்திரைகளைப் பதிவுசெய்யும் முறை. ஒருநாள் என் மனைவி மேசையைத் துடைக்க வந்தவள், நான் புத்தகத்துக்காகப் பதிவெடுத்த ரீலையும் அந்தக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, பித்தளையில அந்தப் பக்கம் பாக்குது, காகிதத்துல இந்தப் பக்கம் பாக்குது. மீனு திரும்பிக்கிச்சா?"

"மை வச்சு எடுத்தா எல்லாம் திரும்பும். கண்ணாடியில பாக்குற மாதிரி."

"அப்ப நீங்க எதப் பாத்துப் புத்தகம் எழுதுனீங்க?"

அவளுக்கு இந்தத் தொழில் புரியாது. இருந்தாலும் யோசித்துப் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்துத்தான். தகட்டில் நாலு எழுத்து இருந்திருந்தால் அதுவும் திரும்பி விழுந்து எனக்கு அப்போதே உறைத்திருக்கும். பெயர்கூடப் பொறிக்காத அந்தக் கம்பெனியின் அலட்சியத்துக்கு நான் என்ன செய்ய?

அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்கலாமே என்றார் விசாரணையில் உங்கள் தலைவர். புத்தகம் முந்நூறு வீடுகளில் இருக்கிறது. முந்நூறு புத்தகத்தைத் திருத்துவதா, முப்பது நாற்பது ரீலைத் திருத்துவதா? எது சுலபம் என்று கடைக்காரன் மகனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன் பிறகு வலப்பக்கம் பார்க்கும் மீன் எது வந்தாலும், சுத்தம் செய்து தருகிறேன் என்று இரண்டு நாள் வாங்கி வைத்துக்கொண்டேன். மீன் முதலில் செதிலை இழக்கும், பிறகு கண்ணை, கடைசியாக வாலை. "முத்திரை தேய்ந்துவிட்டது, கம்பெனி தெரியவில்லை" என்று சான்று எழுதிக் கொடுத்தேன். என் ஆயுளில் "தெரியவில்லை" என்று எழுதியது அந்த முப்பத்து நான்கு முறைதான். எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிலர் தகட்டின் பளபளப்புக்காக நன்றிகூடச் சொன்னார்கள்.

அதே சமயம் சந்தையில் இடப்பக்கம் பார்க்கும் மீன்கள் வரத் தொடங்கின. புத்தகத்துக்கு முன்னால் உலகத்தில் அப்படி ஒன்றுகூட இருந்ததில்லை. யாரோ நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைக் கருத்தாகப் படித்திருக்கிறார்கள். அத்தனைக்கும் அசல் என்று கையெழுத்துப் போட்டேன். வாசகர்களை மதிக்க வேண்டும்.

டாக்டர் பத்து ரீல்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருந்தார். அவருடைய மனைவி அதைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, சாப்பிட உக்காந்தாக்கூட இதையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு தடவ பாத்துட்டு நல்லதுதான்னு சொல்லுங்க. பொய்யாவாச்சும் சொல்லுங்கண்ணே."

"பொய் மட்டும் என் வாயில வராதும்மா. வச்சுட்டுப் போ, பாக்குறேன்."

மற்றவற்றை விட அதை மெதுவாகத் தேய்த்தேன். முப்பது வருட நட்பு இல்லையா? பார்த்துப் பார்த்து ஏங்க இனி அதில் ஒன்றும் இருக்காது, மனிதர் நிம்மதியாகச் சாப்பிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பல் டாக்டரின் கைப்பழக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. எதையும் அச்செடுக்காமல் அவர் வெளியே விடமாட்டார். தாடைக்கு எடுப்பது போலவே ரோஜா நிறப் பசையைத் தகட்டின் மேல் அழுத்தி, மீனை அச்செடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் ரீலை மனைவியிடம் கொடுத்திருக்கிறார். நான் மழித்து அனுப்பிய தகட்டையும் அந்த அச்சையும் பக்கம் பக்கமாக உங்கள் மேசையில் வைத்தார். அதற்கு மேல் நான் மறுக்கவில்லை, நீங்களே சாட்சி.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தைந்து மீன்களையும் அழித்தது நான்தான். அத்தனையும் அசல். டாக்டர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள், பதவியையும் கொடுங்கள். என்னை நீக்குங்கள், எனக்கு வருத்தம் இல்லை.

புத்தகம் தவறு என்று மட்டும் தீர்ப்பில் எழுதாதீர்கள். அந்த அச்சை இன்னொரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தால் மீன் வலப்பக்கம் திரும்பிவிடும் என்றார் தலைவர். எதையாவது ஊற்றினால் எதுவும் திரும்பும். ஊற்றாமல் பாருங்கள். மீன் இடப்பக்கம்தான் பார்க்கிறது. டாக்டரே தன் கையால் எடுத்த அச்சு, இனி அவராலும் மறுக்க முடியாது.