சாமியாடியின் காலை நடை

ஜெயபாண்டி: ஏன் மச்சான், டாக்டரம்மா நடக்கத்தான சொன்னாக? தோள்ல மம்பட்டி எதுக்கு?

கோட்டைச்சாமி: மொள்ளப் பேசு மாப்ள. டீக்கடை தாண்டட்டும்.

ஜெயபாண்டி: நான் என்னத்தக் கேட்டுட்டேன்...

கோட்டைச்சாமி: கைய வீசிக்கிட்டு வெறுமனே போனா நம்மூர்ல விடுவாகளா? "எங்க போறீக?"ம்பாக. "சும்மா நடக்கேன்"னு சொன்னா, "ஏன், ஒடம்புக்கு என்ன செய்யுது?"ம்பாக. அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சா அது நெஞ்சுல போயித்தான் நிக்கும். தோள்ல மம்பட்டி இருந்தா ஒரு பய கேக்க மாட்டான்.

ஜெயபாண்டி: அருப்புக்கோட்டையில பாருங்க, ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு எத்தன பேரு நடக்காக.

கோட்டைச்சாமி: அது டவுனு. அங்க சும்மா நடந்தா வாக்கிங்கு. இங்க சும்மா நடந்தா, ஒண்ணு கிறுக்குப் புடிச்சவன், இல்ல பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டு வந்தவன்.

ஜெயபாண்டி: சரி, எங்கிட்டக் குடுங்க. கனக்குதுல்ல?

கோட்டைச்சாமி: நீ தூக்குனா நான் வெறுங்கையாயிருவேன். பேசாம வா.

ஜெயபாண்டி: எங்கதான் போறோம்?

கோட்டைச்சாமி: என் புஞ்சைக்கு.

ஜெயபாண்டி: எது, அந்தச் சீமைக்கருவேல் மண்டிக் கெடக்கே, அதா? அதுக்குள்ள பாம்பே யோசிச்சுத்தான் போகும்.

கோட்டைச்சாமி: அதுலதான் மொளகா போட்ருக்கேன்.

ஜெயபாண்டி: என்னது?

கோட்டைச்சாமி: ஐப்பசியில ஆசுபத்திரியிலருந்து வந்து மொத மொத நடக்கேன். பொன்னுச்சாமி மறிச்சுக்கிட்டான். "மம்பட்டியோட எங்கண்ணே?"ன்னான். வாயில வந்தது மொளகா. மொளகா போட்ருக்கேன்னுட்டேன். அன்னையிலருந்து நான் வெள்ளாம பண்ற பெரிய சம்சாரி.

ஜெயபாண்டி: அய்யோ மச்சான்...

கோட்டைச்சாமி: சிரிக்காத. எதுக்க ஆடு வருது. பின்னாடியே மாரிக்கனி வருவா. வாயத் தொறக்காத.

மாரிக்கனி: என்ன சாமியாடிண்ணே, புஞ்சைக்கா? மொளகா பழுத்துருச்சா?

கோட்டைச்சாமி: பழுத்துக்கிட்டே இருக்குத்தா.

மாரிக்கனி: எங்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையிண்ணே. யாரு, சந்தனத்தக்கா தம்பியா? காரியாபட்டியிலருந்து எப்ப வந்த?

ஜெயபாண்டி: நேத்துதான்க்கா. திருச்சுழிக்கு லோடு இருந்துச்சு, அப்படியே அக்கா வீட்டுக்கு வந்தேன்.

மாரிக்கனி: செவ்வாக்கெழம கோயில் பொங்கல் முடிஞ்சு போய்யா. ஒங்க மச்சான் அருவாளத் தூக்கிக்கிட்டு ஓடுறதப் பாக்காமப் போயிராத. அந்த ஓட்டத்தப் பாத்தாத்தான் எங்களுக்கு அந்த வருசம் விடிஞ்ச மாதிரி. வாரேண்ணே, ஆடு வெள்ளாமைக்குள்ள எறங்குது...

ஜெயபாண்டி: மச்சான்.

கோட்டைச்சாமி: ம்.

ஜெயபாண்டி: அவுகளுக்கு மொளகாய்க்கு எங்க போவீக?

கோட்டைச்சாமி: மழையில்ல, கருகிப்போச்சுன்னு சொல்லிருவேன். நம்ம பக்கம் அந்த ஒரு பதிலுக்குத்தான் மறுகேள்வி கெடையாது.

ஜெயபாண்டி: அது சரி. செவ்வாக்கெழமைக்கு என்ன சொல்லுவீக?

கோட்டைச்சாமி: ...இரு, செருப்புல முள்ளு.

ஜெயபாண்டி: இது மூணாவது முள்ளு மச்சான். மூச்சு வாங்குதுன்னு சொன்னா நானும் நிப்பேன்ல?

கோட்டைச்சாமி: தெரியுதுல்ல? பெறகு ஏன் கேக்க?

ஜெயபாண்டி: ஒக்காருங்க, இந்தப் பாலத்துக் கட்டையில. தண்ணி குடிங்க.

கோட்டைச்சாமி: ஒரு மடக்குதான். தண்ணியும் அளவாக் குடிக்கணுமாம். இந்தக் கரிசக்காட்டு வெயில்ல தண்ணியக் கொறைக்கச் சொன்ன மொத ஆளு அந்த டாக்டரம்மாதான்.

ஜெயபாண்டி: ஊர்ல என்னன்னுதான் சொல்லி வச்சிருக்கீக?

கோட்டைச்சாமி: குடலிறக்கம்னு. தொடை வழியா ஒயர விட்டு நெஞ்சுல வலை வச்சாகல்ல? தொடையில கட்டு இருந்துச்சு. குடலிறக்கம்னு சொன்னதும் எல்லாரும் நம்பிட்டாக. சங்கிலிப் பயலுக்கும் அதே ஆபரேஷனாம், தெனம் வந்து எனக்குப் புத்தி சொல்லுவான். "இருமாதண்ணே, தையல் விட்ரும்"பான். இல்லாத தையலுக்கு ஒரு மாசம் இருமாம இருந்தேன்.

ஜெயபாண்டி: இதெல்லாம் எதுக்கு மச்சான்? நெஞ்சுல அடைப்புன்னா திருட்டா, புரட்டா? எல்லாருக்கும் வாரதுதான?

கோட்டைச்சாமி: எல்லாருக்கும் வரலாம். எனக்கு வரலாமா? இருளப்பசாமி வந்து எறங்குற ஒடம்புய்யா இது. எங்க தாத்தா, அதுக்குப் பெறகு எங்க அய்யா, அதுக்குப் பெறகு நான். சாமியாடிக்கே நெஞ்சுவலின்னு தெரிஞ்சா, "சாமி அவன விட்டுட்டுப் போயிட்டாரு"ம்பாக.

ஜெயபாண்டி: சொன்னாச் சொல்லிட்டுப் போறாக.

கோட்டைச்சாமி: நீ லோடு வண்டி ஓட்டுறவன், சொல்லிட்டுப் போயிருவ. அதுவும் வலி வந்த நேரத்தப் பாரு. அருவா மேல நிக்கும்போது வந்துருந்தா ஒரு மருவாதி. எனக்கு எப்ப வந்துச்சு?

ஜெயபாண்டி: குமாரலிங்கபுரத்துல, காதுகுத்துல.

கோட்டைச்சாமி: காதுகுத்துலன்னு பொதுவாச் சொல்லாத. பந்தியில. ரெண்டாவது தடவ ஈரலு கேட்டுக் கைய நீட்டுறேன், நீட்டுன கை அப்படியே நிக்குது. வேர்த்து ஊத்துது. பரிமாறுன பய என்ன நெனச்சான்னா, பத்தலன்னு நெனச்சு இன்னொரு கரண்டி வச்சான்.

ஜெயபாண்டி: அதோட விட்டீகளா? வாய்வுன்னு சொல்லி சோடாவா வாங்கிக் குடிச்சீக.

கோட்டைச்சாமி: சோடா, பெருங்காயம், இஞ்சி... எவன் எவன் என்ன சொன்னானோ அம்புட்டும். ஒங்க அக்கா மட்டும் அங்கனயே நின்னு "வண்டியக் கூப்பிடு, வண்டியக் கூப்பிடு"ன்னா. "சும்மா இரு, ஏப்பம் வந்தாச் சரியாப் போகும்"னு அவள அதட்டுனேன் பாரு. இன்னும் நெனச்சா எனக்கே என்னய அறையணும் போல இருக்கு.

ஜெயபாண்டி: அக்காவாலதான் பொழச்சீக.

கோட்டைச்சாமி: ஆமா.

ஜெயபாண்டி: பெறகு அந்த அக்காவுக்கு என்ன பதில் வச்சிருக்கீக? செவ்வாக்கெழம ஓடப் போறீகளா, இல்லையா?

கோட்டைச்சாமி: டாக்டரம்மாட்ட நானும் கேட்டேன் மாப்ள. சின்னப் பொண்ணு. என்ன வேல செய்றீங்கன்னு கேட்டுச்சு. விவசாயம்னேன். ஒங்க அக்கா சும்மா இருக்காம, "வருசத்துக்கு ஒருநா சாமியாடுவாகம்மா"ன்னு எடுத்துக் குடுத்துட்டா. நானும் பெருமையா, "கொட்டு அடிக்க அடிக்க அருவாளத் தூக்கிக்கிட்டுக் கண்மாய்க்கரை வரைக்கும் ஓடி, நிக்காமத் திரும்பி ஓடியாருவேன்"னேன். அந்தப் பிள்ள பேனாவக் கீழ வச்சுட்டு, "மாடிப்படி ஏறாதீங்கன்னு சொல்லத்தான்யா கூப்பிட்டேன்"னுச்சு.

ஜெயபாண்டி: ஒங்க இருதயம் பாதிதான் வேல செய்யுதுன்னு அக்காட்டச் சொன்னாகளாமே.

கோட்டைச்சாமி: சொன்னாக. அப்பயும் நான் விடலியே. "ஓடுறது நானில்லம்மா, சாமி"ன்னேன். "அப்ப சாமியக் கூட்டிட்டு வாங்க, அவருக்கு ஒரு எக்கோ எடுத்துப் பாத்துட்டு அனுப்பி வைக்கேன்"னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டுருச்சு.

ஜெயபாண்டி: மச்சான், இதையெல்லாம் கேலியாச் சொல்லிச் சொல்லியே தப்பிச்சுக்கிறீக. நான் நேராக் கேக்கேன். ஓடுனா அங்கனயே விழுந்துருவீகன்னுதான அதுக்கு அர்த்தம்?

கோட்டைச்சாமி: நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை இருக்கே. அதச் சாமியாடக் கட்டுற சல்லடத்துக் கச்சையில முடிஞ்சு வச்சுக்கிடலாமான்னு பாத்தேன்.

ஜெயபாண்டி: நல்ல யோசன.

கோட்டைச்சாமி: என்ன நல்ல யோசன? சாமி வந்த நேரத்துல மாத்திரை ஞாபகம் வருமா? அப்படி ஞாபகம் வந்துச்சுன்னா சாமி வரலைன்னு ஆயிரும்ல?

ஜெயபாண்டி: மச்சான், நான் கால்ல கூட விழுகேன். இந்த வருசம் வேண்டாம். சங்கரபாண்டியன் இருக்கான்ல, ஒங்க சித்தப்பா மகன்? எளவட்டம். சுத்தமா இருக்கான். அவன் கையில அருவாளக் குடுத்து துந்நூறு பூசி விட்டா முடிஞ்சுச்சு. சாமி ஒங்க குடும்பத்த விட்டு எங்கயும் போயிறலையே.

கோட்டைச்சாமி: இன்னும் கொஞ்சம் சொல்லு.

ஜெயபாண்டி: என்னத்தச் சொல்ல? இருளப்பசாமி ஒங்க உசிர எனக்குக் குடுன்னு கேட்டாரா? ஒங்க மகன் முத்துராஜு திருப்பூர்லருந்து போன் போட்டா ஒவ்வொரு தடவையும் அய்யா நடந்தாகளா, மாத்திரை தின்னாகளான்னுதான் கேக்கான். நீங்க போயிட்டா அந்தப் பய யாரக் கேப்பான்? எனக்கு அய்யா இல்லாத கொறைய நீங்கதான் மச்சான் தீத்தீக. ஒங்கள ஒரு அருவாளுக்குக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல.

கோட்டைச்சாமி: ...நல்லாப் பேசுற மாப்ள.

ஜெயபாண்டி: பேச்ச விடுங்க. முடிவச் சொல்லுங்க.

கோட்டைச்சாமி: குடுத்துட்டேன்.

ஜெயபாண்டி: எத?

கோட்டைச்சாமி: அருவாள. நேத்துக் காலையிலயே, இதே மம்பட்டியோட சங்கரபாண்டியன் வீட்டுக்குப் போயிட்டேன். "நெஞ்சுல வலை வச்சிருக்குடா தம்பி, என்னால ஓட முடியாது"ன்னேன். ஊர்ல மொத மொத அவன்ட்டத்தான் அந்த வார்த்தையச் சொன்னேன். பயபுள்ள கால்ல விழுந்துட்டான். தூக்கி விடக் குனிஞ்சேன், எனக்கு மூச்சு வாங்கி, கடைசியில அவன்தான் என்னயப் புடிச்சு ஒக்கார வச்சான்.

ஜெயபாண்டி: ஊருக்கு?

கோட்டைச்சாமி: செவ்வாக்கெழம கோயில் வாசல்ல வச்சு நானே சொல்லிருவேன். அதுவரைக்கும் வெளிய விடாதடான்னு சொல்லிருக்கேன். ஒங்க அக்காட்டயும் சொல்லல.

ஜெயபாண்டி: அப்ப இம்புட்டு நேரம் நான் தொண்டத்தண்ணி வத்தக் கெஞ்சுனது?

கோட்டைச்சாமி: கோவிச்சுக்கிடாத. ஒருத்தருமே கெஞ்சாம நானாக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வந்தேன் பாத்துக்க, ராத்திரி பூராம் அதான் உறுத்திக்கிட்டே கெடந்துச்சு. தலைமுறையா வச்சிருந்தத, பால் சொம்பக் கைமாத்துற மாதிரி குடுத்துட்டு வந்துட்டேனேன்னு. நீ பேச ஆரம்பிக்கவும், பேசட்டும்னு விட்டுட்டேன். யாரோ கெஞ்சிக் கேட்டுக் குடுத்த மாதிரி இப்ப ஆறுதலா இருக்கு.

ஜெயபாண்டி: நல்ல ஆளு மச்சான் நீங்க... சாவுக்குப் பயந்து குடுத்தீகளா?

கோட்டைச்சாமி: பயம் இல்லாம என்ன? நல்லாவே பயம். ஆனா அதுக்காகக் குடுக்கல. சிரிக்க மாட்டேன்னு சொல்லு, சொல்றேன்.

ஜெயபாண்டி: சிரிக்கல.

கோட்டைச்சாமி: முன்னாடியெல்லாம் நான் குறட்டை விட்டா எதுத்த வீட்டு நாய் எந்திரிச்சு வேற தெருவுக்குப் போயிரும். ஒங்க அக்கா அதக் கேட்டுக் கேட்டே தூங்கிப் பழகுனவ. ஆபரேஷனுக்குப் பெறகு எட கொறைஞ்சதுல அது நின்னுபோச்சு. வீட்டுக்கு வந்து மொத நா நான் பாட்டுக்குச் சத்தமில்லாமத் தூங்குறேன். அவ பதறி என்னய ஒலுக்குறா. முழிச்சுப் பாத்தா, "இருக்கீகளா?"ன்னு கேக்கா. இருக்கேன்னேன். மறுநாளும் ஒலுக்குனா. அவ மூஞ்சியப் பாக்க முடியல மாப்ள. அதுலருந்து, படுத்ததும் நானாக் குறட்டை விடுறேன்.

ஜெயபாண்டி: முழிச்சுக்கிட்டா?

கோட்டைச்சாமி: முழிச்சுக்கிட்டுத்தான். அவ மூச்சு சீரா வாரது கேட்டதும் நிப்பாட்டிட்டு நானும் தூங்கிருவேன். தொண்ட பூராம் புண்ணு. அதுக்கு மருந்து கேட்டா டாக்டரம்மா, "வீட்டுல ரொம்பக் கத்துவீங்களா?"ன்னு கேக்குது. என்னத்தச் சொல்ல? இம்புட்டுப் பாடுபட்டு அவளத் தூங்க வச்சுட்டு, செவ்வாக்கெழம கண்மாய்க்கரையில போயி விழுந்தேன்னா, பெறகு அவளுக்கு யாரு குறட்டை விடுவா? அந்த நெனப்பு வரவும்தான் சங்கரபாண்டியன் வீட்டுக்குக் கெளம்பிட்டேன். ...என்ன, அங்கிட்டுத் திரும்பிக்கிட்ட? சிரிக்கியா?

ஜெயபாண்டி: சிரிக்கல மச்சான். திருச்சுழிக்கு எனக்கு லோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அக்கா போன் போட்டு வரச் சொல்லுச்சு.

கோட்டைச்சாமி: தெரியும்யா. அருவா விசயமாப் பேசத்தான அனுப்பியிருக்கா.

ஜெயபாண்டி: அது நானாப் பேசுனது. அக்கா சொல்லிவிட்டது வேற. எப்படிப் பேச்ச எடுக்கன்னு கூச்சப்பட்டுக்கிட்டுதான் கூடயே நடந்து வந்தேன்.

கோட்டைச்சாமி: என்ன சொல்லிவிட்டா?

ஜெயபாண்டி: அது பொய்க் குறட்டைன்னு அக்காவுக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சாம் மச்சான். நீங்க தொண்டையக் கெடுத்துக்கிறீகளேன்னு, தூங்குற மாதிரி மூச்ச இழுத்து இழுத்து விட்டுக்கிட்டுக் கெடக்குமாம். நீங்க நெசமாத் தூங்குனதும் எந்திரிச்சு ஒக்காந்து, ஒங்க நெஞ்சுல கைய வச்சபடிக்கு விடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்குமாம். "இத எப்படியாச்சும் நீ ஒங்க மச்சான்ட்டச் சொல்லி நிப்பாட்டுடா, அஞ்சு மாசமாச்சு, நானும் கொஞ்சம் தூங்கணும்"னு சொல்லி அழுதுச்சு.