டாக்டராண்ட இன்னா சொன்ன?

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் கிருஷ்ணப்பன் அவர்களே! முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும், இன்னாசி அண்ணனின் மனைவி ஃப்ளோரன்ஸ் அக்கா அவர்களே! ஷிப்டை விட்டுவிட்டு வந்திருக்கும் கன்டெய்னர் யார்டுத் தோழர்களே! கமாலின் வணக்கம்.

நம் செயலாளர் தோழர் இன்னாசி போய்ப் பத்து நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தால் தேவலை. சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறேன்.

யார் இந்த இன்னாசி? வக்கீலா? எட்டாவது தாண்டாதவர்! ஆனால் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்று எர்ணாவூரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், தட்டியது யார் வீட்டுக் கதவை? இன்னாசி வீட்டுக் கதவை! "வேலைல இருக்கசொல்லோ, வேலையாலதான அடிபட்ட? அப்ப உனக்குப் பாத்தியதை கீது. பர்மனென்ட்டோ காண்ட்ராக்டோ, உனக்கு இன்னா பேஜாரு?" என்பார்.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் நலம் விசாரிக்க மாட்டார். முதல் கேள்வியே, "டாக்டராண்ட இன்னா சொன்ன?" ஏன் தெரியுமா? மேஸ்திரிக்குப் பயந்து நம் ஆள் "வூட்ல வுழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவான். டாக்டர் அதை எழுதிவிடுவார். அப்புறம் கம்பெனி அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டும். விரல் நசுங்கியபோது "வூட்டுக் கதவு" என்று சொன்னவன்தானே நம் சைமன்! விட்டாரா இன்னாசி? அன்று அவன் வேலைக்கு உள்ளே வந்ததைப் பதிந்த கேட் ரிஜிஸ்டரை எடுக்க வைத்தார். கூட வேலை செய்தவனைக் கூட்டிப் போய்ச் சாட்சி சொல்ல வைத்தார். எட்டு மாதம் அலைந்தார். சைமன் ஜெயித்தான்!

தோழர்களே, பத்து நாளுக்கு முன்னால், காலை பத்தரை மணிக்கு, யார்டுக்குள், பாரம் தூக்கிய சங்கிலி அறுந்து இன்னாசியின் தலையில் அடித்தது. பக்கத்தில் நின்றவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் காண்ட்ராக்டரின் ஆள் என் காதில் சொன்னான்: "ரோட்ல வுழுந்துட்டார்னு சொல்லு பாய். உன் வேலைக்கு நான் கியாரன்டி."

சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் இன்னாசியின் கண் திறந்துதான் இருந்தது. பேச முடியவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. சாயங்காலம் இறந்துபோனார்.

டாக்டர் எழுதிய அந்த வரியைக் காட்டித்தான் இப்போது ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு எதுவும் கிடையாது என்கிறார்கள். யார் அப்படிச் சொன்னது என்று அக்கா பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான் அக்கா.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்வது சின்ன விஷயம். நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறேன். யார்டுக்குள்ளே, வேலையில், என் கண்முன்னால் நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். முன்பு சொன்னது பொய் என்றும் எழுதுகிறேன். வேலை போனால் போகட்டும். அன்று அங்கே நின்ற இன்னும் மூன்று பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஒன்பது மணிக்கு அந்த அலுவலக வாசலில் நிற்பேன்.

இன்னாசி அண்ணே! நீ இருந்தா முதல்ல அதத்தான் கேட்டிருப்ப. டாக்டராண்ட பொய் சொன்னேன் அண்ணே.